வீட்டிலேயே காஸ்ட்யூம் ஹெல்மெட்: முகத்தைவிட உள்பக்கம் ஏன் முக்கியம்?

1977-ல் வந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஒரு காட்சி. வெள்ளைக் கவசம் போட்ட ஸ்டார்ம்ட்ரூப்பர் வீரர்கள் ஒரு அறைக்குள் விறுவிறுவென்று நுழைவார்கள். அவர்களில் ஒருவர், முழுசாக மேலே ஏறாத கதவில் தலையை 'ணங்'கென்று இடித்துக்கொள்வார். அந்த ஷாட்டை வெட்டாமல் அப்படியே படத்தில் விட்டுவிட்டார்கள். போதாக்குறைக்கு, 2004 டிவிடி பதிப்பில் இடிக்கிற சத்தத்தையும் சேர்த்துவிட்டார்கள்.

பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு. ஆனால் அப்படி ஒரு ஹெல்மெட்டை ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த நடிகர் மேல் பரிதாபம்தான் வரும். கீழே தெரியாது, பக்கவாட்டில் தெரியாது, மூச்சு விட்டால் கண்ணாடி மங்கும், தலையைத் திருப்பினால் ஹெல்மெட் கொஞ்சம் தாமதமாகத் திரும்பும்.

ஹைதராபாத்தில் காமிக் கான் 2013-ல் தொடங்கியது. சென்னைக்கு அது வந்தது 2024 பிப்ரவரியில், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில். ஹைடெக் சிட்டி பக்கம் வேலை, வாடகை கட்டுப்படியாகிற ராமச்சந்திராபுரத்திலோ பீரம்குடாவிலோ வீடு என்று இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளில் சிலராவது, வார இறுதியில் பால்கனியில் உட்கார்ந்து ஒரு ஹெல்மெட் செய்து பார்க்கலாமே என்று யோசித்திருப்பீர்கள். செய்யலாம். பெரிய பட்டறை தேவையில்லை. ஆனால் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு: நேரம், பணம், பெயிண்ட் எல்லாவற்றையும் வெளிப்பக்கத்துக்கே செலவழித்துவிட்டு, உள்ளே இரண்டு துண்டு ஸ்பாஞ்சை ஒட்டிவிட்டுக் கிளம்புவது. அந்த ஹெல்மெட் போட்டோவுக்கு நன்றாக இருக்கும். இருபது நிமிஷம் தாண்டினால் கையில்தான் இருக்கும்.

எதில் செய்வது?

வீட்டில் செய்கிறவர்களுக்கு மூன்று வழி இருக்கிறது.

முதலாவது ஈவிஏ ஃபோம். குழந்தைகள் விளையாட தரையில் பொருத்திப் போடும் பஸில் மேட் இருக்கிறதே, அதே பொருள்தான். காகிதத்தில் வடிவம் வெட்டி, அதை ஃபோமில் வரைந்து, கட்டரால் அறுத்து, ஃபெவிகால் எஸ்.ஆர். 998 மாதிரியான ரப்பர் பசையால் ஒட்டுவது. இரண்டு விளிம்பிலும் பசை தடவி, பிசுபிசுப்பு குறையும்வரை காத்திருந்து, பிறகு சேர்க்க வேண்டும். உடனே ஒட்டினால் நிற்காது. எடை குறைவு, இடித்தாலும் உடையாது. முதல் தடவை செய்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது 3டி பிரிண்ட். பெரும்பாலும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கில் அடிப்பார்கள். விவரம் நுணுக்கமாக வரும். ஆனால் பி.எல்.ஏ. ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பித்துவிடும். மே மாதம் மதியம் கண்ணாடி ஏற்றிய காரில் டேஷ்போர்டு மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனீர்கள் என்றால், திரும்பி வரும்போது ஹெல்மெட் ஒரு பக்கமாகச் சாய்ந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் கிட். ஸ்டார்ம்ட்ரூப்பர் ஹெல்மெட்டின் பிறப்பே இந்த வழியில்தான். 1976-ல் இங்கிலாந்தில், ரால்ஃப் மெக்வாரி வரைந்த ஓவியங்களைப் பார்த்து நிக் பெம்பர்டன் களிமண்ணில் ஒரு மாதிரி செய்தார். ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் என்பவர் அதைப் பின்பற்றி வேக்யூம் ஃபார்மிங் முறையில் படத்துக்கான ஹெல்மெட்களைத் தயாரித்தார். வேக்யூம் ஃபார்மிங் என்றால் ஏதோ பெரிய சமாசாரம் இல்லை. பிளாஸ்டிக் ஷீட்டைத் தொய்யும்வரை சூடாக்கி, அச்சின் மேல் போட்டு, கீழிருந்து காற்றை உறிஞ்சினால் ஷீட் அச்சோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்வீட் பாக்ஸுக்குள் குழிகுழியாக ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்குமே, அதுவும் அப்படிச் செய்ததுதான். ஏ.பி.எஸ். சுமார் 105 டிகிரிவரை விறைப்பாக இருக்கும். அதனால் கார் வெயில் அதைப் பெரிதாக ஒன்றும் செய்யாது.

இந்த ஹெல்மெட் கோர்ட்டுக்கும் போயிருக்கிறது. ஐன்ஸ்வொர்த் பல வருஷம் கழித்து அதே மாதிரி ஹெல்மெட்களைச் செய்து விற்க, லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் வழக்குப் போட்டது. ஹெல்மெட் ஒரு சிற்பம், அதனால் காப்புரிமை உண்டு என்பது அவர்கள் வாதம். 2011 ஜூலை 27 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம், இது சிற்பம் இல்லை, படம் எடுக்கப் பயன்பட்ட ஒரு பொருள் என்று தீர்ப்பளித்தது. கூடவே, அமெரிக்கக் காப்புரிமை மீறப்பட்டதா என்பதை ஆங்கிலேய நீதிமன்றமே விசாரிக்கலாம் என்றும் சொன்னது. ஆகவே உங்கள் தலைக்கு ஒன்று செய்துகொள்வது வேறு, அச்சு எடுத்து ஆன்லைனில் விற்பது வேறு. இரண்டாவதில் இறங்கினால் முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

முதலில் டேப், அப்புறம்தான் கத்தி

தலைச் சுற்றளவு எல்லாருக்கும் அளக்கத் தெரியும்: புருவத்துக்குச் சற்று மேலே, பின்மண்டை அதிகம் துருத்தும் இடத்தைச் சுற்றி டேப். ஆனால் அந்த ஒரு அளவு போதாது.

தலையின் அகலம் வேண்டும். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். இரண்டு தடிமனான புத்தகங்களைக் காதுக்கு மேல் இரு பக்கமும் நேராகப் பிடித்து, நடுவில் உள்ள இடைவெளியை இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். 16 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மெத்தைக்குப் பக்கத்துக்கு 1.5 செ.மீ., பிளாஸ்டிக்கின் தடிமன் பக்கத்துக்கு 3 மி.மீ. ஆக ஹெல்மெட்டின் வெளி அகலம் 16 + 3 + 0.6 = 19.6 செ.மீ. வரவேண்டும். 3டி ஃபைலை இந்த எண்ணுக்குத்தான் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டும். 'எதற்கும் கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்' என்று பத்து சதவீதம் கூட்டினால், மெலிந்த தோளுக்கு மேல் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மாதிரி ஆகிவிடும்.

அடுத்து கழுத்துத் துவாரம். இதை மறந்துவிட்டு, பெயிண்ட் எல்லாம் அடித்து முடித்த பிறகு ஹெல்மெட்டுக்குள் தலையே போகவில்லை என்று நிற்பவர்கள் நிறைய. மூக்கு நுனி, இரண்டு காது, பின்மண்டை எல்லாவற்றையும் தொட்டபடி டேப்பைச் சுற்றுங்கள். கழுத்துத் துவாரத்தின் சுற்றளவு அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். பவர் கிளாஸ் போடுகிறவர் என்றால் கிளாஸோடு அளக்க வேண்டும். இல்லையென்றால் முகப்பகுதி தனியாகக் கழன்று வரும்படி, உள்ளே சின்னச் சின்ன நியோடிமியம் காந்தம் வைத்துச் செய்யலாம். ஒட்டும் முன் எந்தப் பக்கம் எதை இழுக்கிறது என்று மார்க்கரால் குறித்துவையுங்கள். தலைகீழாக ஒட்டிய காந்தம் முகத்தைத் தள்ளிவிடும், பிடிக்காது.

இந்த அளவுகளை வைத்து அட்டைப் பெட்டியில் ஒரு வளையம் வெட்டித் தலையில் மாட்டிப் பாருங்கள். பத்து நிமிஷ வேலை. ஷீட் வீணாகாது.

வெட்டுவதும் ஒட்டுவதும்

ஏ.பி.எஸ். கிட் வாங்கினால் முகம், பின்தலை, இரண்டு காது என்று தனித்தனியாக, ஓரத்தில் வேண்டாத பிளாஸ்டிக்கோடு வரும். கட்டரால் ஒரே அழுத்தில் அறுக்கப் பார்க்காதீர்கள், கை நழுவும். கோட்டில் லேசாக நாலைந்து தடவை கீறி, அப்படியே மடக்கினால் 'டக்'கென்று உடைந்து வரும். கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே உடைத்து, மீதியை அரத்தால் ராவுங்கள். தையல்காரர் துணியில் பிடி விட்டு வெட்டுவது மாதிரிதான். வெட்டிய பிறகு குறைக்கலாம், கூட்ட முடியாது.

ஒட்டுவதற்கு முன் எல்லா பாகத்தையும் மாஸ்கிங் டேப்பால் சேர்த்து, தலையில் போட்டு, கண்ணாடி முன்னால் நில்லுங்கள். கண் துளை கண்ணுக்கு நேராக இருக்கிறதா? மோவாய் இடிக்கிறதா? முகத்தையும் பின்தலையையும் அரை செ.மீ. நகர்த்தினாலே ஆளே மாறிவிடும். இந்தக் கட்டத்தில் ஒரு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டால் நஷ்டமில்லை. காதுப் பகுதிதான் உயிரை வாங்கும். வளைவான இரண்டு துண்டுகளின் மேல் அது இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். கொஞ்சம் ராவு, வைத்துப் பார், மறுபடி ராவு. காதை ஒட்டாமல் ஸ்க்ரூ போட்டு வைத்தால் பின்னால் திறந்து ரிப்பேர் பார்க்கலாம்.

ஏ.பி.எஸ். துண்டுகளை ஒட்ட மலிவான வழி, வெட்டிப் போட்ட துணுக்குகளை அசிட்டோனில் ஊறவைத்துக் கூழாக்கி, உள்பக்கம் தடவுவது. அசிட்டோன் பிளாஸ்டிக்கையே கரைத்து இணைப்பதால் மூட்டு ஒரே துண்டு போல ஆகிவிடும். பி.எல்.ஏ.-வுக்கும் ஃபோமுக்கும் இது வேலை செய்யாது. ஆனால் ஒரு விஷயத்தில் விளையாடக் கூடாது: அசிட்டோன் ஆவி மைனஸ் 20 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் தன்மை கொண்டது. கேஸ் அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஜன்னல் மூடிய ஏ.சி. ரூமில் செய்யவே வேண்டாம். ராவும்போதும் ஸ்ப்ரே அடிக்கும்போதும் மாஸ்க் கட்டாயம்.

ஃபெவிக்விக் வகைப் பசை சீக்கிரம் பிடிக்கும், ஆனால் அதிர்ந்தால் விட்டுவிடும். அதன் ஆவி பட்டால் பக்கத்தில் உள்ள கண்ணாடியிலும் பெயிண்டிலும் வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் கண் லென்ஸைக் கடைசியில், எல்லாப் பசையும் காய்ந்த பிறகு பொருத்துங்கள்.

பெயிண்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 220, பிறகு 400 நம்பர் உப்புத்தாள், பிரைமர், மெல்லிய கோட்டாக மூன்று நான்கு தடவை. மழைக்காலத்தில் மட்டும் கவனம். காற்றில் ஈரம் அதிகம் இருக்கும் நாளில் லாக்கர் வகை ஸ்ப்ரே அடித்தால் மேலே வெண்மையாகப் புகை படிந்த மாதிரி ஆகும். ஜூலையில் செய்கிறவர்கள் வெயில் வரும் நாளுக்குக் காத்திருங்கள்.

தலையில் உட்கார வைப்பது எப்படி?

இதற்கான விடை ராமச்சந்திராபுரத்தில் கண்முன்னாலேயே நடந்து போகிறது. திருச்சிக்காரர்களுக்கு திருவெறும்பூர் 'பெல்' எப்படியோ, இங்கே இந்தப் பகுதிக்கு பி.எச்.இ.எல். ஆலையும் டவுன்ஷிப்பும் அப்படி. அதைத் தாண்டினால் பட்டான்செரு தொழிற்பேட்டை. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் கையில் தொங்கும் சேஃப்டி ஹெல்மெட்டை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.

ஓடு தலையைத் தொடவே தொடாது. உள்ளே பட்டைகளால் ஆன ஒரு கூடு இருக்கும். அதுதான் தலையில் உட்காரும். ஓடு அந்தக் கூட்டின் மேல் தொங்கிக்கொண்டிருக்கும். பின்னால் ஒரு திருகு. சுற்றினால் நெற்றிப் பட்டை இறுகும், தளரும். ஐ.எஸ். 2925 என்ற இந்தியத் தரத்துக்குள் வரும் இந்த அமைப்பு எதற்காக என்றால், மேலே ஏதாவது விழுந்தால் அதன் வேகத்தைப் பட்டைகள் வாங்கிக்கொள்ளவும், ஓட்டுக்கும் மண்டைக்கும் நடுவே இடம் இருக்கவும்தான்.

காஸ்ட்யூம் ஹெல்மெட்டுக்கு இந்தக் கூடு வேறு ஒரு காரணத்துக்காக வரப்பிரசாதம். தலையின் அளவு எதுவானாலும் திருகினால் சரியாகும். தலைக்கும் ஓட்டுக்கும் நடுவில் காற்று ஓடும். எடை நெற்றியிலும் உச்சியிலும் பரவும். முக்கியமாக, நீங்கள் திரும்பும்போது ஹெல்மெட்டும் கூடவே திரும்பும்.

சேஃப்டி சாமான் விற்கும் கடையில் புதிதாக ஒன்று வாங்கி, உள்கூட்டை மட்டும் கழற்றுங்கள். கம்பெனி கொடுத்த ஹெல்மெட்டில் கை வைக்காதீர்கள். கழற்றிய பிறகு மிஞ்சும் ஓட்டை மறுபடி யாரும் வேலைக்குப் போட்டுப் போகவும் கூடாது. கூட்டின் நான்கு முனையும் வரும் இடத்தில் உங்கள் ஹெல்மெட்டின் உள்ளே சின்ன ஏ.பி.எஸ். கட்டைகளை ஒட்டி, அதில் ஸ்க்ரூ போடுங்கள். முதலில் தற்காலிகமாக வெல்க்ரோவில் நிறுத்தி, கண்ணாடி முன் நின்று கண்மட்டத்தைப் பாருங்கள். கூட்டை ஒரு செ.மீ. மேலே ஏற்றிக் கட்டினால் ஹெல்மெட் ஒரு செ.மீ. கீழே இறங்கும். கண் துளைக்கு நேராகக் கண் வந்த பிறகே நிரந்தரமாகப் பூட்டுங்கள்.

கன்னத்துக்கும் பிடரிக்கும் பழைய யோகா மேட்டை வெட்டி வெல்க்ரோவில் ஒட்டினால் போதும். சோபா ஸ்பாஞ்ச் வேண்டாம், அரை மணியில் அமுங்கிவிடும். நாடிப் பட்டை ஒன்று இருந்தால் குனியும்போது பயமில்லை.

இதெல்லாம் நமக்குப் புதுசு என்று நினைக்க வேண்டாம். கட்டைக்கூத்துக்கு அந்தப் பெயரே கலைஞர்கள் அணியும் மர அணிகலன்களால் வந்தது. எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதிப்பார்கள். இரவெல்லாம் ஆடி விடியும்வரை அது நழுவாமல் நிற்கக் காரணம், முதலில் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அதன் மேல் கிரீடத்தைக் கட்டுவதுதான். மரம் லேசாக இருக்கணும், தலைக்கும் மரத்துக்கும் நடுவில் துணி இருக்கணும். சேஃப்டி ஹெல்மெட்டின் கூடு செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

கண்ணும் மூச்சும்

லென்ஸுக்கு மெல்லிய நிற அக்ரிலிக் ஷீட் போதும். வெளியே இருந்து பார்த்தால் கருப்பாகவும் உள்ளே இருந்து ஓரளவு தெளிவாகவும் இருக்கும். ரொம்ப அடர்த்தியான நிறம் வேண்டாம். வெயிலில் சரியாகத் தெரியும் லென்ஸ், ஹாலுக்குள் போனதும் இருட்டடித்துவிடும். லென்ஸின் உள்பக்கம் பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு துளி தடவி மென்துணியால் துடைத்துவிட்டால் ஆவி படிவது குறையும்.

ஆனால் ஆவி படிவது ஒரு எச்சரிக்கை. விட்ட மூச்சு வெளியே போகவில்லை என்று அர்த்தம். அதே காற்றைத் திரும்ப இழுத்தால் தலைவலி வரும், கிறுகிறுக்கும். வாய்ப்பகுதியில் உள்ள துளைகளை நிஜமாகவே திறந்துவிடுங்கள். உள்ளே கருப்பு வலைத்துணி ஒட்டினால் வெளியே தெரியாது. 40 மி.மீ. அளவுள்ள 5 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, வெளிக்காற்று லென்ஸ் மேல் ஓடும்படி செய்யலாம். பவர் பேங்கை ஹெல்மெட்டுக்குள் வைக்காதீர்கள். இடுப்பில் வைத்து வயரை மேலே கொண்டுவாருங்கள், இழுத்தால் கழன்றுகொள்ளும்படி.

காமிக் கானுக்கு ஒரு வாரம் முன்னால் வீட்டில் ஒரு பரீட்சை வையுங்கள். ஃபேனோடு ஹெல்மெட்டை மாட்டி இருபது நிமிஷம் நடங்கள். உட்காருங்கள், எழுந்திருங்கள், கீழே விழுந்த போனை எடுங்கள், ஸ்ட்ராவில் தண்ணீர் குடியுங்கள். யாராவது பின்னால் இருந்து பெயர் சொல்லிக் கூப்பிடட்டும், கேட்கிறதா பாருங்கள். கடைசியில் ஒரே கையால் ஹெல்மெட்டைக் கழற்றுங்கள். ஐந்தாறு வினாடிக்கு மேல் ஆனால் ஏதோ ஒரு பட்டையோ பூட்டோ அதிகம். கிறுகிறுப்பு வந்தால் பரீட்சையை அங்கேயே நிறுத்துங்கள்.

அப்புறம், தனியாகப் போகாதீர்கள். கூட்டத்தில் படிக்கட்டு எங்கே, குழந்தை எங்கே நிற்கிறது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். வெளிநாடுகளில் கவசம் போடுகிறவர்கள் இதை ஒரு ஒழுங்காகவே வைத்திருக்கிறார்கள். நம்ம ஊரில் ரூம்மேட்டுக்கு ஒரு பிரியாணி வாங்கிக் கொடுத்தால் காரியம் முடிந்தது.

இதைப் போட்டுக்கிட்டு பைக் ஓட்டலாமா?

கூடாது. லிங்கம்பல்லி, கொண்டாப்பூர் வழியாகப் போகும்போது ஒரு ரீல் எடுக்கலாமே என்று தோன்றும், எடுக்காதீர்கள்.

பைக் ஹெல்மெட்டின் உள்ளே தெர்மோகோல் போலக் கெட்டியான ஒரு அடுக்கு இருக்கிறது. விழும்போது அது நசுங்கி, அடியின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். உங்கள் பால்கனி ஹெல்மெட்டில் அது கிடையாது. உள்ளே சேஃப்டி ஹெல்மெட்டின் கூட்டை வைத்ததால் அது பாதுகாப்புக் கவசமாகிவிடாது; சோதிக்கப்பட்டது அந்தக் கூடும் அதன் சொந்த ஓடும் சேர்ந்துதான். 2 மி.மீ. ஏ.பி.எஸ். ஷீட் விரிசல் விட்டால் கூர்மையான விளிம்போடு உடையும். போதாததற்குப் பக்கவாட்டுப் பார்வையும் இல்லை.

சட்டமும் தெளிவு. 2021 ஜூன் 1 முதல், ஐ.எஸ். 4151 தரத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற ஹெல்மெட்களை மட்டுமே இருசக்கர வாகன ஓட்டிகளுக்கு விற்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு கேட்கும் ஹெல்மெட்டைப் போடாமல் ஓட்டினால், 194டி பிரிவின்படி ரூ.1,000 அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பு. 'தலையில ஏதோ இருக்கே சார்' என்று டிராஃபிக் போலீஸிடம் வாதாட முடியாது.

எனவே தலையில் ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட், காஸ்ட்யூம் ஹெல்மெட் பெட்டியில். மிக்ஸி வந்த அட்டைப் பெட்டி பெரும்பாலும் சரியாக இருக்கும். சுற்றிலும் பழைய துண்டு வைத்து, லென்ஸ் மேல் பக்கமாக இருக்கும்படி வையுங்கள். திரும்பி வந்ததும் மெத்தைத் துண்டுகளையும் நெற்றிப் பட்டையையும் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போட்டுவிடுங்கள். பெட்டிக்குள் வேர்வையோடு மூடி வைத்தால் அடுத்த வருஷம் திறக்கும்போது நாற்றம் தாங்காது.